பிழை ஏன் வந்தது என்று கேட்டவளுக்கு

நேற்று நிலாவெளிக்குப் பஸ்ஸில் போகும்போது, புதிதாகத் திறந்த ஹோட்டலொன்றின் பெயர்ப்பலகையைக் கண்டேன். காயாத வர்ணத்தின் வாசம் யன்னலுக்குள் வந்தது. கடற்கரையைக் குறிக்கும் 'பீச்' என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டு 'ஈ' போட்டு எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் அது ஒரு மரத்தின் பெயர். முன் ஆசனத்திலிருந்த இருவர் சிரித்தார்கள். நீ சிரித்திருக்க மாட்டாய். "ஏன்டி அவன் இப்பிடி எழுதினவன்?" என்று என் முழங்கையில் இடித்திருப்பாய்.

துறைமுகக் கந்தோரில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசையில் தட்டெழுதியவர்கள். நீ சல்லி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து வருவாய். தமிழில் படித்து, ஆங்கிலத்தைக் காதால் பிடித்தவள். தலைமைக் கிளாக்கர் சொல்லச் சொல்ல அடிப்பாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ வேலைக்குத் திரும்பிய கிழமை அது. வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை என்பது கந்தோர் முழுக்கத் தெரியும். கப்பல் வந்து நிற்கும் இடத்தை 'பேர்த்' என்பார்கள். பிறப்புக்கும் ஆங்கிலத்தில் அதே உச்சரிப்புத்தான். நடுவில் ஓரெழுத்து மட்டும் வேறு. நீ அடித்த கடிதத்தில், தேயிலை ஏற்ற வந்த கப்பலுக்கு நாங்கள் பிறப்புக் கொடுத்திருந்தோம்.

தலைமைக் கிளாக்கர் தாளை உயர்த்திப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"உமக்குத்தான் பெற ஏலாமல் போச்சு. அதுதான் கப்பலுக்குப் பேறு பாக்கிறீரோ?"

கந்தோர் சிரித்தது. நீ தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாய்.

மத்தியானம் கடலோரச் சுவரில், சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். உன் காதில் அது ஏறவில்லை.

"காதிலை பிழை இல்லையடி," என்றாய். "ரெண்டும் ஒரே சத்தம். காதை நம்பித்தான் விழுந்தனான்."

அதன்பிறகு பிழையென்று கழித்த தாள்களையெல்லாம் சேர்த்தாய். திருத்துவதற்கு அவசரப்படமாட்டாய், கை ஏன் அங்கே போனது என்று தெரியவேண்டும் உனக்கு. 'கார்கோ'வை 'கே'யில் தொடங்கியது, 'சி' என்ற எழுத்தின் பெயரில் ககரமே கேட்காததால். 'சைன்' என்ற சொல்லில் 'ஜி'யை விட்டது, அது ஒலிக்காததால். ஒலிக்காத எழுத்து அங்கே ஏன் நிற்கிறது? அகராதியோடு கிடந்தாய். ஒருநாள் காலை கந்தோர் வாசலிலேயே என்னை மறித்தாய்.

"சிக்னல் எண்டு சொல்லிப் பார். 'ஜி' கேக்குதோ?"

"ஓம்."

"சைனும் அதே குடும்பம்தான். இஞ்சை வாய் திறக்காது, ஆனா வீட்டை விட்டுப் போகேல்லை."

உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தக் கிழமை முழுவதும் வாய் திறக்காத எழுத்துகளுக்குச் சொந்தக்காரரைத் தேடித் திரிந்தோம்.

பதவி உயர்வுப் பரீட்சையில் உன் தாளில் ஒரு பிழையும் இல்லை. அவர்தான் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறீர். ஆனா பிந்திப்போச்சு. சுற்றறிக்கை வந்திட்டுது. இனிச் சிங்களம் பாஸ் பண்ணினாத்தான் உயர்வு."

சொல்லிவிட்டுத் தேநீரை ஆற்றிக் குடித்தார். ஓய்வுபெறும் வயதில் இருந்த அவரை, சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கிய அந்தச் சட்டம் தொடப்போவதில்லை.

நீ சிங்கள அரிச்சுவடி வாங்கினாய். அதிலும் பிழை விட்டு, ஏன் என்று கேட்கத் தொடங்கினாய். அதற்குள் செங்கமாரி வந்துவிட்டது. கண் மஞ்சளாகிப் போய் லீவு கேட்டபோது, "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறீர்," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு சில நாள் வந்தாய். பிறகு ஆஸ்பத்திரி. அங்கிருந்து உன்னைச் சல்லிக்குக் கொண்டுபோனது எரிப்பதற்குத்தான்.

உன் கணவருக்கு அனுதாபக் கடிதத்தை அவர் சொல்ல, நான் அடித்தேன். "பிழை இல்லையே? நல்லாப் பாரும்," என்றார். அடுத்த கிழமை உன் கதிரையில் வேறொருத்தி இருந்தாள்.

இப்போது அங்கே தட்டெழுதும் பிள்ளைகள் என் பொறுப்பில். யார் பிழைவிட்டாலும் பக்கத்தில் இருத்தி, "இது ஏன் இப்பிடி வந்தது?" என்றுதான் கேட்கிறேன். ஒரு காரணம் எப்போதும் இருக்கிறது.

போன மாதம் அந்தத் தலைமைக் கிளாக்கர் செத்துப்போனார். கந்தோர் ஆட்களோடு நானும் செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கடுமையான ஆள் எண்டு தெரியும் அன்ரி. ஆனா ஏன் அப்பிடி ஆனவர் தெரியுமோ, சின்ன வயசிலை..." என்று தொடங்கினாள்.

நீயாக இருந்தால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து முழுவதையும் கேட்டிருப்பாய். நான் கையை விடுவித்துக்கொண்டு, வாசலில் கிடந்த என் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.