ஹத்து என்று கூப்பிட்டார்கள்

என் கண்ணான தம்பி முத்துவுக்கு,

நீ போய் இருபது நாள் ஆகிறது. உன் வடைத்தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஓரம் நசுங்கிப் போயிருக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம், மழையில்லை என்று மார்டள்ளியிலிருந்து வந்தாய். உன் மாமாதான் மைசூர் ஸ்டேஷனில் வடை விற்கும் வேலைக்குச் சொல்லிவிட்டார். நம் ஊரில் எல்லாரும் தமிழ்தான், உனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அடுப்படியில் உட்கார வைத்து நான்தான் சொல்லித்தந்தேன். இளி என்றால் இறங்கு. ஹத்து என்றால் ஏறு. "ரயில்ல இருக்கறவங்க ஹத்துன்னா தட்டோட ஏறிக்க, வித்துட்டு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி வா" என்றேன். எண்ணிக்கையை மட்டும் ஒந்து, எரடு என்று ஐந்தோடு நிறுத்திவிட்டேன்.

"அதுக்கு மேல வேண்டாங்களாக்கா?" என்றாய்.

"அந்தக் கல்லு வடைய அஞ்சுக்கு மேல எவன்டா வாங்குவான்?" என்றேன். நீயும் சிரித்தாயே.

ஓடும் ரயிலில் துடுக்காகத் தாவி விழுந்தாய் என்றுதான் ஸ்டேஷனில் பேசுகிறார்கள். உன் பெண்டாட்டி பழனியம்மாளும் நம்பிவிட்டாள். "வயித்துல இருக்கறத நெனச்சிருந்தா தாவியிருப்பாருங்களா, நங்கையா?" என்று என்னிடம் கேட்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். பிள்ளைக்கும் அதைத்தானே சொல்லி வளர்ப்பாள்?

நேற்று ஒருவர் வீடு தேடி வந்தார். கல்யாணக் கூட்டத்தோடு அந்த ரயிலில் போனவர். உள்ளே வராமல் வாசலிலேயே கும்பிட்டு நின்றார்.

"நானே கூகிதெ, தாயி. ஹத்து வடெ பேக்கித்து" என்று அழுதார். கூப்பிட்டது நான்தான், பத்து வடை வேண்டியிருந்தது என்கிறார்.

கன்னடத்தில் ஏறு என்பதற்கும் ஹத்துதான், பத்துக்கும் ஹத்துதான், தம்பி. ரயில் நகரும்போது ஜன்னலில் பத்து விரலையும் விரித்துக் கத்தியிருக்கிறார். இரண்டு கையையும் நீட்டி உன்னை ஏறச் சொல்வதாக நினைத்தாயா? ஒரு கையில் தட்டு. மற்றக் கைக்குக் கம்பி எட்டவில்லையா?

அவரை நான் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். காய்கறிக்காரனிடம் தினமும் நான் சொல்கிற வார்த்தை அது. உனக்குச் சொல்ல ஏன் தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மார்டள்ளிக்குப் போகிறேன். நீ தாவவில்லை, கூப்பிட்டார்கள் என்று ஏறினாய் என்று பழனியம்மாளிடம் சொல்வேன். அப்படி யார் சொல்லித்தந்தது என்று கேட்பாள். அதையும் சொல்வேன். கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

ஐந்தோடு நிறுத்திவிட்ட
உன் அக்கா
செல்லம்மாள்