வெற்றிலை வைத்து அழிக்கச் சொன்ன படம்

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலையிலிருந்து லோடு இறங்கவில்லை. கடையில் ஏலக்காய் பிரிக்கிற வேலையும் இல்லை. எழுத நேரம்.

முதலில் நம் பிள்ளைகள். மூத்த பேரன் கார்த்தி, கோயம்புத்தூரில் இன்ஜினியர், வேலையில் இப்போது ஒரு படி மேலே. மகள் வயிற்றுப் பேத்தி திவ்யா, நர்சு படிப்பில் வகுப்பிலேயே முதல். அவள் தம்பி பாலா, கணக்கில் நூற்றுக்கு நூறு. கையெழுத்துதான் கோழி கிளறிய மாதிரி. கடைசியாக என் மகன் பாண்டி பெற்ற யாழினி. எட்டாவது படிக்கிறாள். சிலம்பத்தில் மாவட்டத்துக்கே முதல். அடுத்த வாரக் கடைசியில் திருச்சியில் மாநிலப் போட்டி. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இத்தனை வாய்த்திருக்கிறது. வேறென்ன வேண்டும்.

நேற்று யாழினிக்குச் சடங்கு. தாய்மாமன் வைத்த பிளெக்ஸ் பேனர் மண்டப வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. பட்டுச்சேலை, கையில் கம்பு. பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் கொட்டை எழுத்தில். அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தேன். சொந்தக்காரர்கள் குரூப்பிலும், மலையில் காய் எடுக்கிறவர்கள் குரூப்பிலும் போட்டேன். வர முடியாதவர்கள் போனிலாவது பிள்ளையை வாழ்த்தட்டும் என்று அவள் நம்பரையும் போட்டேன். சாயங்காலம் எந்த மைதானத்தில் கம்பு சுற்றுகிறாள் என்பதையும் வாயால் பேசி அனுப்பினேன். வாழ்த்து வந்து குவிகிறது.

ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா, கேட்க வேண்டும்.

ஐப்பசி 12, வியாழன்

மழை விட்டது. மனசு சரியில்லை.

யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். போனை எடுத்துப் பார்த்தவள் அப்படியே அவள் அம்மா செல்வியிடம் நீட்டினாள். தெரியாத நம்பர். “உங்கப்பா சினேகிதன் நான். மாமான்னு கூப்பிடு. பட்டுச்சேலையில ஜோரா இருந்த. எனக்கு மட்டும் ஒரு போட்டோ அனுப்பு. நாளைக்கு மைதானத்துக்கு வர்றேன். வீட்டுல சொல்லாத.”

சொல்லாதே என்றவுடனே சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி.

பாண்டிக்கு அப்படி ஒரு சினேகிதனே கிடையாது. முகம் கறுத்துவிட்டது. “இந்தப் போனும் வேணாம், கம்பும் வேணாம். திருச்சியும் கிடையாது. வீட்டுல கிட.”

செல்வி நிதானமாக இருந்தாள். “சத்தம் போடாதீங்க. எதையும் அழிச்சுறாதீங்க. அவன் எழுதுனத எடுத்து வச்சுக்கிட்டு அப்புறந்தான் அவன் நம்பரைப் பிளாக் பண்ணணும்.”

பிள்ளை சாப்பிடவில்லை. பயத்தில் இல்லை. திருச்சி கிடையாது என்றதில்.

ஐப்பசி 13, வெள்ளி

மகளிர் ஸ்டேஷனுக்குப் போனோம். செல்வி, யாழினி, நான். அங்கிருந்த அம்மா கேட்டது ஒன்றுதான்.

“நீ பதில் எதுவும் போட்டியா பாப்பா?”

“இல்ல மேடம்.”

“அதான் சரி.” அவன் நம்பரை எழுதிக்கொண்டார்கள். இன்று மைதானத்துக்குப் போக வேண்டாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. “அந்தக் கட்டையில போறவனுக்கு மைதானம் எப்படித் தெரியும்?” என்று கத்தினேன்.

யாழினி நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீதான் சொன்ன அப்பத்தா. குரூப்புல. நம்பரும் நீதான் குடுத்த.”

அவளே மறுபடி, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

சடங்குக்குக்கூட அவளை யாரும் கேட்கவில்லை, படத்துக்கா கேட்போம். அந்த நினைப்பில்தான் இருந்திருக்கிறேன்.

“திருப்பி எடுக்க முடியாதா ஆத்தா?” என்று பேத்தியைக் கேட்டேன்.

“நீ போட்டத அழிச்சுட்டேன். ஆனா அதுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டவுக இருப்பாகல்ல? அவுக அழிச்சாத்தான் உண்டு. அப்பவும் பூராம் போச்சுன்னு சொல்ல முடியாது.”

குரூப்பில் ஒரு வரி போட்டால் போதும் என்றாள் செல்வி. போதாது. சடங்குக்கு வெற்றிலை வைத்து அழைத்தேன். அழிக்கவும் வெற்றிலை வைத்தே கேட்பேன்.

ஐப்பசி 15, ஞாயிறு

வாங்கியது: வெற்றிலை, கொட்டைப்பாக்கு, குங்குமம். தட்டு பழையது. கால் இன்னும் வலி.

முதலில் ராசிங்காபுரம். வீரம்மாள் மதினி தட்டைப் பார்த்ததுமே சிரிக்கிறாள். “என்ன மதினி, பேத்திக்கு ரெண்டாந்தடவையா சடங்கு வைக்கிற?”

“உன் போன்ல இருக்கிற படத்த அழிக்கணும்டி.”

“ஆக்கிப் போட்டுட்டு இப்ப கக்கச் சொல்றியே!”

வந்த மெசேஜைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அழித்தாள். பிறகு அவளுடைய மகன் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூட அட்டையைக் கழுத்தில் மாட்டி நிற்கிற படம், அதையும் நான் சொல்லாமலே ஸ்டேட்டஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

அங்கிருந்து ஜீப்பில் போடிமெட்டு. எஸ்டேட் பெண்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டு. நான் நம்பர் போட்டது பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. அந்தக் குரூப்பில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. காய் விலை கேட்கிறவன், ஜீப்பு ஓட்டுகிறவன், வந்தவன் போனவன் எல்லாம். நான் என்னமோ எல்லாரும் நம்ம ஆள் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருத்தி தயங்கினாள். “மூணாறு சேச்சிக்கும் அனுப்பிட்டேனே ஆத்தா.”

“அப்ப அவளுக்கும் போனப் போடு. வெத்தல இங்க இருக்கு, சொல்லு.”

போட்டாள். எல்லாரும் சிரிப்பு.

இறங்குகிற வழியில் தாய்மாமன் வீடு. மழைக்கு விறகின்மேல் பேனரைப் போர்த்தியிருக்கிறான். பிள்ளை முகம் ரோட்டைப் பார்த்து! திருப்பிப் போட வைத்தேன். “சீர் செஞ்சவனுக்கு இம்புட்டு மரியாதையா?” என்று முறைத்துக்கொண்டான். இரண்டு நாளில் சரியாகிவிடுவான்.

ஐப்பசி 18, புதன்

வெயில். ஸ்டேஷனிலிருந்து போன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மலைக் குரூப்பில் நுழைந்திருந்த எவனோ. வேறு பிள்ளைகளுக்கும் இதே மாதிரி அனுப்பியிருக்கிறானாம். மேல் நடவடிக்கை உண்டு என்றார்கள்.

அப்படியும் பாண்டி மசியவில்லை. “திருச்சில இன்னொருத்தன் இருப்பான்.”

யாழினி தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். “தப்பு செஞ்சது அவன். கம்ப நான் ஏன்ப்பா கீழ வைக்கணும்?”

பாண்டி தண்ணீர்ச் செம்பை எடுத்தான்.

“நான் வந்து சொன்னதுக்குத்தான இம்புட்டும்? அடுத்த தடவ எவனாவது அனுப்புனா சொல்லவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

செல்வி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நம்பர் கொடுத்தது யார் என்று திரும்பும்.

பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, “எத்தனை மணிக்குப் பஸ்சு?” என்றான். மகளைப் பார்க்காமல்.

“கூட நானும் வருவேன்” என்றும் சொன்னான்.

“வாங்க. கம்பு மட்டும் நாந்தான் தூக்குவேன்.”

புது ஏற்பாடு, யாழினி சொன்னபடி: நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இடம், நேரம் சொல்லக் கூடாது. குரூப்பில் முகம் தெரியாதவர்கள் இருந்தால் நான் வெளியே வந்துவிட வேண்டும். அவள் படத்தை அவளைக் கேட்டுத்தான் போட வேண்டும். பதிலுக்கு எனக்கு ஒன்று: எது வந்தாலும் எங்களிடம் சொல்வாள், நாங்கள் கத்த மாட்டோம். பாண்டியும் தலையாட்டினான்.

ஐப்பசி 22, ஞாயிறு

நல்ல மழை. காய் பிரிக்கிற இடத்தில் கரண்டு இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன்.

செல்வி திருச்சியிலிருந்து பேசினாள். மாநிலத்தில் இரண்டாம் இடம்! பாண்டி அழுதானாம், மூக்கடைப்பு என்கிறானாம்.

ஸ்டேட்டஸைத் திறந்தேன். என்னிடம் இருப்பது செல்வி அனுப்பிய படம், மெடலோடு. விரல் போகிறது. போடவில்லை. யாழினிக்குப் பேசி அனுப்பினேன்: “ஆத்தா, அம்மா அனுப்புன படத்துல உன் சட்டையில பள்ளிக்கூடம் பேரு தெரியுது. நான் போடல. உனக்குப் பிடிச்ச மாதிரி, பேரு ஊரு தெரியாம, நீயே புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடு தாயி. வெரசாப் போடு, வீரம்மா கேட்டுக்கிட்டே இருக்கா.”