அப்பாவுக்காக ‘உள்ளேன்’ சொன்னவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே வீடு, தெரு, மாடிவீட்டுப் பூனை எல்லாம் சுகம். அப்பா மட்டும் சுகமில்லை. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே உறையில் இருக்கிறது, அதில் அப்பா திடமாக இருக்கிறார் என்று ஒரு வரி வரும், அதை நம்பாதே. அந்த வரி வந்தபோது பேனாவை நிறுத்தி அம்மாவைப் பார்த்தேன், எழுதுடி என்றாள், எழுதினேன். உண்மை தெரிந்தால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய், இப்போதுதான் நிரந்தரம் ஆகப்போகிறாய் என்பது அவள் கவலை. அண்ணனுக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா உன் தோலை உரிச்சிடுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறாள். அதனால் இருவரும் தூங்கிய பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், உள்ளே யாராவது புரண்டு படுத்தாலே கை நின்றுவிடுகிறது.

அப்பாவின் முதுகில் போரில் பாய்ந்த இரும்புத்துண்டு ஒன்று இருக்கிறதல்லவா, சின்ன வயதில் நாம் மாறி மாறித் தொட்டுப் பார்ப்போமே, அது இப்போது நகர்ந்திருக்கிறது. இடது கால் அடிக்கடி மரத்துப்போகிறது, ஹாஸ்டல் சமையற்கூடத்தில் அண்டாவை இறக்கும்போது ஒருநாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை, ராணுவ ஆஸ்பத்திரியில் இதே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இந்த மாதத்துக்குள் சேர்த்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கால் போய்விடும் என்றார். அங்கே போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவின் ராணுவ எண்ணைக் கேட்டார், உள்ளே போய் ஏதோ பார்த்துவிட்டு வந்து அப்பாவை மேலும் கீழும் அளந்தார், போர் நடக்கும்போது நீங்க ஓடிப்போயிட்டதா இருக்கே பெரியவரே, ஓடிப்போனவங்களுக்கு இங்க படுக்கை கிடையாது என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார் அண்ணா. முதுகில் அந்த இரும்பை வைத்துக்கொண்டு சரிங்க என்கிறார். எனக்கு அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது. அம்மா மட்டும் அழுதுகொண்டே நின்றாள், அவளிடம் அந்த ஜன்னல்காரர், கூட இருந்த ஆள் யாராவது நேரில் வந்து சாட்சி சொன்னால் திருத்தலாம் என்றார்.

அன்றிலிருந்து அப்பாவைக் குடைய ஆரம்பித்தேன். வெங்காயம் உரிக்கும்போதுதான் அவர் வாய் திறக்கும் என்று உனக்கே தெரியும், அதனால் நானும் கூட உட்கார்ந்து உரித்தேன். அவர் சமையல்காரராக இருந்த படைப்பிரிவில் தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து எண்ணைக் கூப்பிடுவார்களாம், பள்ளியில் வருகை எடுப்பதைப் போல. அந்த நேரத்தில் சமையல்காரர் அடுப்பை விட்டு வரமுடியாது, வந்தால் நிற்கிறவர்கள் யாருக்கும் டீ கிடையாது. ஆகவே அப்பாவின் எண் வரும்போது வரிசையில் நிற்கிற அவருடைய சிநேகிதர் உள்ளேன் ஐயா என்று குரல் கொடுத்துவிடுவார். இது அதிகாரிக்கும் தெரியும், எண்ணைக் கூப்பிடுகிற எழுத்தருக்கும் தெரியும், அடுப்பு கூப்பிடுதூரத்தில்தான். அந்தச் சிநேகிதர் லாரி மெக்கானிக், தொண்டை அவ்வளவு பெரிது என்பதால் எல்லோரும் அவரைச் சங்கு என்றே கூப்பிடுவார்களாம். படை பின்வாங்கி வந்த சமயத்தில் சங்குவுக்குக் கடுமையான காய்ச்சல், ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அது தெரியாது, குண்டுச் சத்தத்தில் வரிசையின் குரல்களும் அடுப்படிக்குக் கேட்கவில்லை. மறுநாள் எண்ணைக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அந்த எழுத்தர் ஓடிப்போனவர் என்று எழுதிவிட்டார். அன்றைக்கே, உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் டீ கொடுத்து முடித்த கையோடு, அடுப்புப் பக்கம் குண்டு விழுந்தது. வேறொரு பிரிவுக்காரர்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். எழுந்து நடமாடித் திரும்பி வந்தபோது, உன்னை ஜெயிலுக்கு அனுப்பாததே பெரிது, வீட்டுக்குப் போ என்றார்களாம். ஏன்ப்பா சண்டை போடலை என்று கேட்டேன். உயிரோட வந்துட்டேன், உங்கம்மா கையில உன் அண்ணன் இருந்தான், அப்ப அதுதான் பெருசா தெரிஞ்சுது என்று சொல்லிவிட்டு, உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் வயிற்றெரிச்சல். முந்தாநாள் பள்ளி ஆண்டு விழா. எங்கள் தாளாளர் ஒவ்வொரு வருஷமும் தன் போர்க்கதையைச் சொல்வாரே, நீயும் அங்கேதானே படித்தாய், உனக்கும் மனப்பாடமாக இருக்கும். உடைந்த பாலம், பின்வாங்கிய கடைசிக் காலை, குண்டுச் சத்தத்துக்கு நடுவே தகர டம்ளரில் வந்த சூடான டீ. அந்த டீ இன்னும் என் நாக்கில் இருக்கிறது என்று சொல்லி நிறுத்துவார், எல்லோரும் கைதட்டுவோம். இந்த வருஷம் எனக்குக் கை எழவில்லை. அப்பா சொன்ன அதே பாலம், அதே காலை. தாளாளர் படையில் எழுத்தராக இருந்தவர் என்று நம் எல்லோருக்கும் தெரியும், அதைக்கூட நான் சேர்த்துப் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, அந்த எழுத்தர் இவர்தானா என்று அப்பாவிடம் கேட்டேன். ஆமா, அவருதான், நல்ல மனுஷன், சர்க்கரை கம்மியா கேப்பாரு என்றார். இவ்வளவு வருஷம் கழித்தும் அந்த ஆளுக்குச் சர்க்கரை கம்மி என்று அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு கையால் அப்பா போட்ட டீயை வாங்கிக்கொண்டு மறு கையால் அப்பா ஓடிப்போனார் என்று எழுதியவருக்கு எதுவுமே ஞாபகமில்லை. பீஸ் கட்ட வரும்போதெல்லாம் அப்பா அவரைக் கும்பிட்டுவிட்டு வருவார்.

மறுநாளே அவர் அறைக்குப் போனேன். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லி, நீங்கள் ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் போதும் என்று கெஞ்சித்தான் கேட்டேன். எண்ணைக் கூப்பிட்டேன், பதில் வரலை, பதில் வரலைன்னா ஆள் இல்லை, அதுதாம்மா விதி என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அப்படியென்றால் அன்றைக்கு உங்களுக்கு யார் டீ கொடுத்தார்கள் ஐயா என்று கேட்டுவிட்டேன். மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டே, சமையல்காரன் எவனாவது கொடுத்திருப்பான் என்றார். உங்கள் பிரிவில் எங்கப்பாவைத் தவிர வேறு சமையல்காரர் கிடையாதே ஐயா என்றேன். அவ்வளவுதான், மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை இவள் அம்மாவோடு வரட்டும், வரும்போது மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும் என்றார். நாளன்றைக்குத் திங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டது தப்பென்று எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா.

பள்ளி போனால் போகட்டும், வேறு பள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு வேறு கால் இல்லை. அதனால் நீ ஒன்று செய்யவேண்டும். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் அப்பா உன்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா. அங்க லெவல் கிராஸிங் பக்கத்துல லாரி ஷெட் இருக்கும், ஏதாவது கஷ்டம்னா சங்குன்னு கேளு, என் நம்பரைச் சொன்னா போதும் என்றார். நம்பரைச் சொன்னா என்ன, லாட்டரியா விழும் என்று நீ சிரித்தாய். அந்தச் சங்குதான் இவர். அப்பாவிடம் கேட்டுவிட்டேன், இப்போதும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறாராம், ஆனால் வயசான காலத்துல அவனை அலைக்கழிக்காதே என்கிறார். அலைக்கழித்தால் தப்பில்லை. லீவு கிடைக்கும்வரை காத்திருக்காதே, கடிதம் கிடைத்த அன்றே ஷெட்டுக்குப் போ. தினமும் குரல் கொடுத்தது நான்தான், காய்ச்சலில் என்னைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவர் இங்கே வந்து அந்த ஜன்னல்காரரிடம் சொல்லவேண்டும். வழியில் அவருக்குச் சூடாக ஏதாவது வாங்கிக்கொடு, நீயும் பட்டினி கிடக்காதே. அம்மா கேட்டால் லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல், இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

நான் சின்னவள், உனக்கு ஆசி சொல்ல முடியாது. அம்மாவின் ஆசி அவள் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, அது மட்டும் வரிக்கு வரி உண்மை.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
தங்கை

ஒன்றை மறந்துவிட்டேன். ஷெட்டில் போய் அப்பாவின் பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டு நிற்காதே, வயதானவர், பெயர் மறந்திருக்கலாம். வாசலில் நேராக நின்று அப்பாவின் எண்ணை, நானூற்றுப் பதினேழு என்று உரக்கக் கூப்பிடு. உள்ளே இருந்து எவர் குரல் பதில் கொடுக்கிறதோ, அவரைக் கூட்டிக்கொண்டு வா.