மஞ்சளைக் குறைத்த மாதம்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து டிராயரில் கத்தரிக்கோலைத் தேடினேன். கைக்கு வந்தது உன் நீலத் தாள். ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய ஃபைல் அட்டையிலிருந்து நீ வெட்டியெடுத்த, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். ஓரத்தில் உன் பெருவிரல் ரேகை மையோடு காய்ந்து கிடக்கிறது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். பிறகு துணியை வைத்துவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் அதை ஏதோ விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தார்கள். தினமும் காலையில் பிரிண்டரில் ஒரு சோதனைத் தாள் போடுவோமே, ஒவ்வொரு மைக்கும் சின்னச் சின்னக் கோடுகள் விழும். எங்காவது கோடு விட்டுப்போயிருந்தால் அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கருப்பையும் சிவப்பையும் நீலத்தையும் கண்ணாடி போடாமலே பார்த்துவிடலாம். வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு மட்டும் கண்ணுக்குச் சிக்காது. நீ இந்தத் தாளைக் கண் முன்னால் பிடிப்பாய். மஞ்சள் கருத்துப்போய்ப் பளிச்சென்று தெரியும். "மஞ்சள் திருட்டுப் பய மச்சான். இருந்தாலும் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது" என்பாய். மஞ்சளைப் பிடிப்பதில் உன்னை அடித்துக்கொள்ள ஈப்போவில் ஆளில்லை என்று நானே எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். இப்போது யாரிடமும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நான் படம் எடுப்பேன், நீ அச்சிடுவாய். அப்படித்தான் நம் பிழைப்பு ஓடியது. கல்யாண ஆல்பங்கள் பெரிய ஸ்டூடியோக்காரர்களிடம் போன பிறகு நமக்கு மிஞ்சியவர்கள் செத்தவர்கள்தான். நாம் பிறந்த சுங்காய்த் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, ஆட்கள் இங்கே ஜெலாப்பாங் ஃபேக்டரிகளுக்கும் தாப்பாவுக்கும் சிதறிவிட்டார்கள். வீட்டில் ஒருவர் போனால் நம்மைத் தேடி வந்தார்கள். ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கும் நகக்கண் அளவு முகத்தைக் கொண்டுவருவார்கள். இல்லையென்றால் யார் கல்யாணத்திலோ நாலு பேருக்குப் பின்னால் நின்ற முகம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதைப் பெரிதாக்கி, கருப்பு வெள்ளையாக்கி, கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டும். மாலை போடுகிற படம் கருப்பு வெள்ளையில்தான் இருக்க வேண்டும் என்று நம் ஆட்களில் பலருக்கு ஒரு பிடிவாதம். கலரில் மாட்டினால் ஆள் வெளியே எங்கோ போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று தோன்றுகிறதாம்.

அந்தக் கருப்பு வெள்ளைதான் கஷ்டம் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? கலர் படத்தில் சிவப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சாம்பலில் வேறு நிறம் ஒரு துளி ஏறினாலும் முகம் கெட்டுவிடும். நம் பிரிண்டரோ சாம்பல் நிறத்தை எல்லா மையையும் கலந்துதான் உண்டாக்கியது. "கருப்பு வெள்ளைன்னு ஒன்னு கெடையாது மச்சான். எல்லாக் கலரும் ஒன்னையொன்னு அடக்கி வச்சிருக்கு, அவ்ளோதான்" என்று நீ சொன்னது அந்த மிஷினை வாங்கிய புதிதில்.

படம் சரியாக வராவிட்டால் நீ பதற மாட்டாய். உனக்கு ஒரு வரிசை இருந்தது. முகத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்தால் துளை அடைப்பு, கழுவ வேண்டும். நிறம் மாறினால் முதலில் பேப்பரின் மூலையை உதட்டில் வைத்துப் பார்ப்பாய், ஒட்டுகிற பக்கம்தான் மை பிடிக்கிற பக்கம். பிறகு கம்ப்யூட்டரில் பேப்பர் வகை சரியா என்று பார்ப்பாய். பிறகு படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். "மொதல்ல மிஷின சந்தேகப்படு. அப்புறம் பேப்பர. படத்துல இருக்குற ஆள கடைசியாத்தான் சந்தேகப்படணும்." அந்த வரிசைதான் உன்னைக் கொன்றது என்று சொன்னால் டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் சொல்வேன்.

நம் சோதனைப் படமும் நீதான். புது மை மாட்டும்போதெல்லாம் உன்னைக் கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். அதைக் கலரில் போட்டு, பக்கத்திலேயே கருப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் ஒரு சாம்பல் பட்டையையும் அச்சிடுவாய். தோல் நிறமும் சாம்பலும் ஒரே தாளில் தெரிந்துவிடும். அந்த மாதம் தாள் வெளியே வந்ததும் நீ சிரித்தாய். "என்னா மச்சான் இது, மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி இருக்கேன்" என்றாய். நானும் விடவில்லை, மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தாயிற்று, பெண் எங்கே என்று கேட்டேன்.

துளையைப் பார்த்தாய், சரி. பேப்பரைப் பார்த்தாய், சரி. மை புதுசு. அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மஞ்சளைக் கொஞ்சம் குறைத்தாய். அச்சிட்டாய், இன்னும் குறைத்தாய். கடைசியில் உன் முகம் உன் பழைய கருப்புக்கு வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த சாம்பல் பட்டை நீலம் பாய்ந்துவிட்டது. மழைக்காலம், பேப்பர் ஈரம் குடித்துவிட்டது என்றாய். அந்தக் கட்டைத் தூக்கிப் போட்டுப் புதுக் கட்டைப் பிரித்தோம். அதிலும் நீலம். தாப்பாவிலிருந்து ஒரு அக்கா, அப்பா படம் நீலமாக இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். எதை நம்புவது என்று நான் கேட்டேன், பட்டையையா, முகத்தையா? "நம்ம மூஞ்சி நமக்குத் தெரியாதா?" என்றாய். முகத்தை நம்பினோம்.

தினமும் பார்க்கிற முகம், மச்சான். டியூப் லைட்டுக்குக் கீழே எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் நாசி லெமாக் சோறு தின்றுகொண்டிருந்தோம். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது எனக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்த சாப்பாட்டுக் கடை பாய்க்குத்தான் தெரிந்தது. ஆற்றிய தே தாரிக் டீயை மேசையில் வைத்துவிட்டு உன்னையே பார்த்தார். மஞ்சளுக்கு அவர் வாயில் எப்போதும் மலாய்ச் சொல்தான். "அண்ணே, கண்ணெல்லாம் கூனிங்கா இருக்கு லா. கிளினிக் போனீங்களா?" என்றார். நீ கிளாஸைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போதிலிருந்து மஞ்சள் என்பதுதான். உன் மனைவி நேற்றுதான் கவனித்தேன் என்றாள். நான் ஒரு வாரமாக இருக்கலாம் என்றேன். நீ மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். பித்தப் பாதையில் கட்டி அடைத்திருக்கிறது, பரவிவிட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், முடிக்காமலே அடுத்த கட்டிலுக்குப் போனார். கடைசி நாட்களில் உன்னைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு மஞ்சள். நீயே கூப்பிட்டுச் சொன்னாய்: "என் படத்தக் கருப்பு வெள்ளையில போடு மச்சான். இந்த மஞ்சள் அதுல வராது. அவ இந்த மூஞ்சியவே நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது." உன் மனைவிக்கு நோய் இல்லாத உன் முகத்தைக் கொடுக்க வேண்டும். நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

போன தீபாவளிக்கு உன் வீட்டில் நான் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன், நன்றாக இருந்த காலத்துப் படம். ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததில் பிரிண்டர் காய்ந்து போயிருந்தது. உன் முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளைக் கோடுகள் விழுந்தன. கழுவினேன், திரும்பக் கழுவினேன். பாதி மை கழுவலிலேயே போனது. கோடுகள் மறைந்ததும் கண்ணாடி போட்டு எடுத்துப் போனேன். உன் மனைவி படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். உடனே என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நீலமா இருக்குண்ணே. உசுரில்லாத மூஞ்சி மாதிரி இருக்கு. இவரு வேணாம்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. கடைக்கு வந்து உன் வரிசையைப் பிடித்தேன். நீலத் தாளை வைத்து மஞ்சள் கோடுகளைப் பார்த்தேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை. பேப்பரை உதட்டில் ஒட்டிப் பார்த்தேன். பேப்பர் வகையைப் பார்த்தேன். ஜன்னலோரம் போனேன். எல்லாம் சரி, படம் மட்டும் நீலம். அப்புறம்தான், எப்போதும் நீயே உட்காருகிற அந்தக் கம்ப்யூட்டரில், நீ பதிந்து வைத்திருந்த நிற அளவுகளைத் திறந்தேன். மற்ற நிறமெல்லாம் நடுவில் இருந்தன. மஞ்சள் மட்டும் அடியில் கிடந்தது, நீ இழுத்து விட்ட இடத்திலேயே.

அதை நடுவுக்குக் கொண்டுவந்து அச்சிட்டேன். சாம்பல் நிறம் சாம்பலாகவே வந்தது. தீபாவளிச் சட்டையில் நீ சிரித்துக்கொண்டு இருந்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம், என் கை நிற்கவில்லை. அந்த மாதத்துச் சோதனைப் படத்தையும் போட்டுப் பார்த்தேன். சாம்பல் பட்டை அப்பழுக்கில்லாமல் வந்தது. பக்கத்தில் உன் முகம் மஞ்சள், கண்ணின் வெள்ளையும் மஞ்சள். மிஷின் முதல் நாளிலிருந்தே உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து உன் நோயைப் பிரிண்டரில் குணப்படுத்திக்கொண்டிருந்தோம். பாய் கேட்டபோது நீ என்னைப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நீ அன்றைக்கே தெரிந்துகொண்டாய். தெரிந்துகொண்டு, எனக்குச் சொல்லாமலே போய்விட்டாய்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் மனைவி கண்ணாடியின் மேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, விளக்கை ஏற்றினாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்பத்தான் அவரு வந்திருக்காரு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஷின்ல என்னண்ணே கோளாறு?" என்று கேட்டாள்.

"மிஷின்ல ஒன்னும் இல்ல தங்கச்சி" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு எனக்குத் தேநீர் போடப் போனாள். இன்றைக்கும் நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: அவருக்கு எப்பண்ணே ஆரம்பிச்சிருக்கும்? எனக்குத் தெரியும். சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது? தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறேன்.

போன வாரம் சுங்காயில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியின் படம், நாம் அந்த மாதம் போட்டது. முகமெல்லாம் லேசான நீலம். வேறு போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த நீலம் எவ்வளவோ, அவ்வளவு நோய் அன்றைக்கே உன் உடம்பில் இருந்திருக்கிறது. அப்படி எத்தனை வீடுகளில் தொங்குகிறதோ.

இப்போது உன் வரிசையை மாற்றிவிட்டேன், மச்சான். காலையில் சோதனைத் தாளை உன் நீலத் தாள் வழியாகப் பார்ப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் படத்துக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிறவரிடம், கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்கள் என்கிறேன். வெளிச்சத்துக்காக என்று நினைத்துத் திரும்புகிறார்கள். நான் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் அவர்கள் கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறேன். எல்லோருக்கும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. இதுவரை ஒருவருக்குக்கூட மஞ்சள் இல்லை.