பட்டியலில் இல்லாத தேர்வாளர்

1964 ஜூலை 6, திங்கள். தென்காசி.

விடிந்ததிலிருந்து சாரல். மாடி வடிகால் அடைப்பு. குச்சி விட்டுக் குத்தியதும் சரியானது. பத்தரைக்குத் தபால். பல்கலைக்கழகப் பதிவாளர் கடிதம்.

என் மாணவி கோமதி குற்றால மலைப் பெரணிகளைப் பற்றி எழுதிய ஆய்வேட்டைப் படித்த வெளிநாட்டார் இருவரும் ‘ஏற்கலாம்’ என்று எழுதிவிட்டார்கள். நல்ல செய்தி. மிச்சம் வாய்மொழித் தேர்வு. அதற்குப் புறத்தேர்வாளர்: டாக்டர் சதாசிவம், சென்னை.

மூன்று முறை படித்தேன். நெறியாளன் என்ற முறையில் நான் அனுப்பிய ஆறு பெயர்களில் அவர் பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டது. ‘பெரணிச் செடி என்றால் அவரை விட்டு வேறு யார்?’ என்று குழுவில் எவராவது கேட்டிருப்பார். கேட்டது நியாயம்தான்.

சதாசிவம் உடம்பு தேற குற்றாலத்தில் தங்கியிருக்கிறாராம். ஆகவே 13ஆம் தேதி அங்கேயே, பயணியர் விடுதியில் தேர்வு. நானும் உடன் உட்கார வேண்டும்.

மனைவி பார்வதி: “என்ன, அந்தக் கடுதாசியவே பாத்துக்கிட்டு இருக்கிய? காப்பி ஆறிப் போச்சு.” ஆறியதையே குடித்தேன்.

ஜூலை 7, செவ்வாய்.

தூக்கம் சரியில்லை. பல் வலி வேறு. கிராம்பு.

பதினோரு வருடத்துக்கு முன் நடந்தது. ஐந்தருவிக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு பெரணி கண்டேன். இலை நுனி இரண்டாகப் பிளந்தது. புது இனம் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினேன். சென்னைக் கூட்டத்தில் சதாசிவம் எழுந்து, “இது புதியது அல்ல, நோய் பிடித்த பழையது” என்றார். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

அதைவிட மோசம் ஒன்று. கோமதியிடம் அந்தச் செடியையே ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம் என்றேன். ‘மாதிரிகள் போதவில்லை’ என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். அவளும் எழுதினாள். ச. கண்ணில் அந்த வரிதான் முதலில் படும். அடி அவளுக்கு விழும்.

பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன்: எனக்கும் தேர்வாளருக்கும் பழைய மனத்தாங்கல், வேறொருவரை நியமிக்கவும். மடித்து வைத்தேன். அனுப்பவில்லை. ஆள் மாற்ற ஒரு வருடம் ஆகும். பாளையங்கோட்டைக் கல்லூரி வேலைக்கு அவளுக்கு இந்த மாதமே முடிவு வேண்டும்.

ஜூலை 9, வியாழன்.

இலஞ்சியிலிருந்து கோமதி வந்தாள். நனைந்த குடை. பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு. கணவர் பட்டாளத்தில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏழு வருடம் மலை ஏறியவள்.

எல்லாம் சொன்னேன். எழுதிய கடிதத்தையும் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“அவரே வரட்டும் சார். என்னயத்தான கேக்கப் போறாரு? ஒங்களயா கேக்கப் போறாரு?”

“அந்தச் செடியைக் கேட்டால்?”

குடையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள். பிறகு: “அத நான் வளத்துப் பாத்தேன் சார். கெணத்தடில, தொட்டில வச்சு, மூணு மழைக்கு. ஒங்க கிட்ட சொல்லத் தைரியம் வரல.”

“என்ன ஆச்சு?”

“சாதா எலதான் வந்துச்சு. நுனி பொளக்கல.”

பார்வதி உள்ளே அப்பளம் பொரிக்கும் சத்தம். இத்தனை வருடம் எனக்காக வாயை மூடி இருந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. வெட்கம்.

“கேட்டால் கண்டதைச் சொல்லு” என்றேன். “என் முகத்தைப் பார்க்காதே.”

கடிதத்தைக் கிழித்தாயிற்று.

ஜூலை 11, சனி.

குற்றாலம் போனேன், விடுதி அறை பார்க்க. மேசை ஒன்று, நாற்காலி நான்கு, ஒன்றுக்குக் கால் ஆட்டம். கூட்டம் சொல்லி முடியாது. மங்குஸ்தான் வாங்கினேன், பாதி அழுகல்.

கடை வரிசையில் ச.! மெலிந்துவிட்டார். கழுத்தில் மப்ளர், கையில் தடி. என்னைப் பார்த்தார். தேர்வுக்கு முன் பேசுவது முறையல்ல. அவரும் அப்படியே நினைத்திருப்பார். தலை மட்டும் அசைத்தோம்.

ஜூலை 13, திங்கள்.

முடிந்தது. முடிந்தது!

பத்து மணிக்கு ஆரம்பம். கோமதி நீலச் சேலை. செடி ஒட்டிய தாள்கள் இரண்டு கட்டு. ச. ஒரு மணி நேரம் விடாமல் கேட்டார். வித்துப்பை, நரம்பு அமைப்பு, எந்த உயரத்தில் எது. அவள் தடுமாறியது ஒரே இடத்தில். தண்ணீர் குடித்துவிட்டுச் சரியாகச் சொன்னாள்.

பிறகு ‘மாதிரிகள் போதவில்லை’ என்ற அந்தப் பக்கம். விரலை வைத்தார்.

“இதை ஏன் விட்டீர்கள்? உங்கள் பேராசிரியர் பெயர் வைத்த செடி அல்லவா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஆமா சார். விட்டது தப்பு. அது புது இனம் இல்ல.”

ச. புருவம் உயர்ந்தது.

“ஆனா நீங்க சொன்ன மாதிரி நோயும் இல்ல சார். அருவித் தண்ணி ஓயாம தெறிக்கற எடத்துல மட்டும் அப்படி பொளந்து வருது. அங்கனருந்து எடுத்து தொட்டில வச்சா சரியாயிருது. மறுபடி அருவி ஓரம் வச்சேன், திரும்பப் பொளந்துச்சு.” மூன்று தாள்களை வரிசையாக வைத்தாள். நாள், இடம் எல்லாம் குறித்து.

ச. கண்ணாடியைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார்.

“ஆக, நாங்கள் இரண்டு பேருமே தப்பு. அப்படித்தானே அம்மா?”

“ஆமா சார்” என்றாள். கெட்டிக்காரி.

அவளை வெளியே அனுப்பினோம். ‘பட்டத்துக்கு முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன்’. அவர் கையெழுத்து, கீழே என் கையெழுத்து. பேனாவை நீட்டியபோது, “அன்று நான் கூட்டத்தை அப்படிச் சிரிக்க வைத்திருக்கக் கூடாது” என்றார். “நான் பதினோரு வருடம் பேசாமல் இருந்திருக்கக் கூடாது” என்றேன். அவ்வளவுதான் பேசினோம். போதும்.

வெளியே வந்து சொன்னதும் கோமதி கும்பிட்டாள்; பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கே ஓடினாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு. பார்வதி: “இப்பதான் மூஞ்சி மூஞ்சியா இருக்கு.”

ஜூலை 15, புதன்.

வெயில் எட்டிப் பார்த்தது. அறிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

மாலை கோமதி. மூன்று தாள்களையும் வைத்து ஒரு சிறு கட்டுரை; நான் கொடுத்த பெயரைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதில் ஒரு வாக்கியம். எழுதும்போது உறுத்தவில்லை. அவள் பெயரை முதலில் போட்டேன், என் பெயரை இரண்டாவதாக. தடுத்துப் பார்த்தாள், நான் விடவில்லை.

“முகவரி இலஞ்சி என்று போடவா?”

சற்று யோசித்தாள்.

“பாளையங்கோட்ட காலேஜுன்னே போடுங்க சார்.”