ஹொர்மிஸ் பேசியதில் நான் வெட்டியது

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

நிலக்கீழ் அறையில் ஹீட்டர் திரும்பவும் பழுது. போர்வைக்குள் இருந்துகொண்டு எடிட் செய்கிறேன். வழக்கமாக எங்களுக்கு வருவது கலியாண வீட்டையும், பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும் சாமத்திய வீட்டையும் வீடியோ எடுக்கிற வேலை. இது மேல்வீட்டு எலிசா அக்கா பிடித்துத் தந்த வேலை. ‘அக்கா’ என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது, அப்படியே கூப்பிடுகிறேன். அவருடைய ஆட்கள் அசீரியர்கள். வட ஈராக்கில் தங்கள் முன்னோரின் ஊர்களுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு உதவ, இங்கே மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வீடு திருத்த, காணி உறுதி எடுக்க, எல்லாவற்றுக்கும். ஏற்கெனவே போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு படம் வேண்டுமாம். இவர், என் கணவர், போய் எடுத்துக்கொண்டு வந்தார். மனுசன் கமராவை ஆட்டு ஆட்டென்று ஆட்டி வைத்திருக்கிறார். கேட்டால், “அங்கை சரியான காத்து” என்கிறார்.

பெப்ரவரி 12, புதன்

ஹொர்மிஸ் என்பவரின் பகுதியை முடித்தேன். நல்ல முகம். மொன்றியலில் முப்பது வருடம் டாக்ஸி ஓடிவிட்டு மனைவியோடு ஊருக்குத் திரும்பியவர். அதனால் பிரெஞ்சிலேயே பேசுகிறார். முக்கால் மணித்தியாலம்! அத்திமரம், கோழிகள், கோயில் மணி... பிறகு கமராவைப் பார்த்து, “இஞ்சை எல்லாம் இருக்கு” என்கிறார். கண்ணைத் துடைக்கிறார். “ஆஸ்பத்திரி மட்டும் இல்லை.” மனைவி சமிராமுக்கு நெஞ்சுவலி வந்தது, நகரத்துக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் வாகனம் நின்றபோது அவர் இறந்தது — அதற்குப் பிறகு முழுக்கச் சமிராமின் கதைதான்.

“எல்லாம் இருக்கு” என்பதோடு வெட்டினேன். அத்திமரத்தைப் போட்டு இசையை ஏற்றிவிட்டேன். கலியாண வீடியோவில் அழுகிறவர்களை வைப்பதில்லையே, அந்தக் கைப்பழக்கம். வெட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

மண்டபத்தில் படம் போட்டார்கள். எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். எலிசா அக்கா அழுதார். அவருடைய கணவர் யோனான், போன வருடம்தான் இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர், என் கணவருடைய கையைப் பிடித்தவர் விடவேயில்லை. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

மார்ச் 9, ஞாயிறு

எலிசா அக்கா பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கட்டோடு கீழே வந்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சுத்தமிழில் எழுதுகிறேன்.

“ஜூலையில நாங்களும் போறம். வீட்டை விடுறமெண்டு இந்த மாத முடிவுக்குள்ள வீட்டுக்காரனுக்குச் சொல்லவேணும். யோனான்ரை நெஞ்சை நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் மாட்டன் எண்டு நிண்டனான். இப்ப அங்கை இருக்கிற ஹொர்மிஸே படத்தில எல்லாம் இருக்கு எண்டுட்டார். ஆஸ்பத்திரியும் இருக்கும்தானே?”

“ஓம், இருக்கும்தானே,” என்றேன்.

என்ன வாய் இது! வாய்க்குள் அவர் தந்த பிஸ்கட்டை வைத்துக்கொண்டு சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

எலிசா அக்கா கேட்டதையும் நான் சொன்னதையும் இவரிடம் சொன்னேன். “நீர் சும்மா இரும், வினோஜா. பெரிய ஆக்கள், விசாரிக்காமலே போகப்போகினம்? அடுத்த படமும் எங்களுக்குத்தான் தரப்போறாங்கள். கெடுத்துப்போடாதையும்.” இந்தப் பதிலைத்தான் சொல்வார் என்று எனக்கு முதலே தெரியும். தெரிந்துதானே அவரிடம் போனேன்.

மார்ச் 25, செவ்வாய்

வெளிப்படியில் யோனான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். நான் கதைக்கிற மாதிரிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடந்து போனேன். போனில் ஒருவரும் இல்லை. சீ.

மார்ச் 31, திங்கள்

அவர்கள் வீட்டுக்காரனுக்குச் சொல்ல இன்று கடைசி நாள். மேலே போகவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

எலிசா அக்கா சிவப்பு முட்டைகளோடு வந்தார். படம் செய்த எங்களுக்கென்று ஹொர்மிஸ் சங்கத்துக்கு ஒரு குரல்செய்தி அனுப்பியிருக்கிறார், அதைக் கேட்கவேண்டுமாம். கேட்டேன்.

“படம் நல்ல வடிவு. ரெண்டு மூண்டு தரம் பாத்திட்டன். சமிராமைத்தான் காணேல்லை. எங்கை அவள்?”

“ஆர் அந்தச் சமிராம்? என்னத்துக்கு உங்களிட்டைக் கேக்கிறார்?” என்றார் எலிசா அக்கா.

“அந்த இடத்தில ஒலி சரியில்லை, அக்கா.”

ஐயோ. அவர் தலையாட்டிவிட்டு, “பாவம் மனுசன்” என்று சொல்லிப் போனார். முட்டைகள் மேசையில் இருக்கின்றன. பொய்யில் பொய், அதற்கு மேல் பொய். இனி எப்படி அந்த முகத்தில் முழிப்பது?

ஏப்ரல் 21, திங்கள்

லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். இருவரையும் இருத்தி ஹொர்மிஸ் பேசியது முழுவதையும் போட்டேன். முக்கால் மணித்தியாலமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். சோதனைச் சாவடி வந்தபோது யோனான் எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டார்.

முடிந்ததும் எலிசா அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“அண்டைக்கு நான் பிஸ்கட் கொண்டு வரேக்கையே உனக்கு இது தெரியுமோ?”

“ஓம்.”

“ம்,” என்றார். வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி வந்தேன்.

மே 11, ஞாயிறு

ஜூலையிலிருந்து மேல்வீட்டில் இருக்க வேறு ஆட்கள் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். இருக்கவும் வழியில்லை, போகவும் பயம். பின்னேரங்களில் இருவரும் சண்டை பிடிப்பது கீழே கேட்கிறது. அவர்களுடைய மொழி எனக்கு விளங்காது, ‘ஹொர்மிஸ்’ என்பது மட்டும் விளங்குகிறது. எலிசா அக்கா சொல்லி, சங்கம் படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. அடுத்த படம் எங்களுக்கு இல்லை. “எங்கடை வயித்தில அடிச்சிட்டீர்” என்கிறார் இவர். மார்ச்சில் சொல்லியிருந்தால் மேல்வீடாவது அவர்களிடம் இருந்திருக்கும். அதை ஏன் ஒருவரும் என்னிடம் கத்திக் கேட்கவில்லை?

ஜூலை 1, செவ்வாய்

வாடகை ஒப்பந்தமெல்லாம் முடிந்து ஊரே வீடு மாறுகிற நாள். தெருவெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும். மேல்வீடும் காலி. இவ்வளவு நாளும் என்னோடு கதைக்காத எலிசா அக்கா வந்து வாசலில் நின்றார்.

“போறம். ஊருக்குள்ள இல்லை, நகரத்தில, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வாடகைக்கு எடுத்திருக்கிறம். ஞாயிறுகளில ஊருக்குப் போய்வரலாம். ஹொர்மிஸ் கதைச்சது முழுக்கத் தா. கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

கொடுத்தேன். பைக்குள் வைத்தார்.

“கை தவறி விடுபட்டதெண்டு சொல்லுறன். நீ வெட்டினதெண்டு அந்த மனுசனிட்டைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை.”

நான், “மெர்சி” என்றேன். எனக்காக அவர் பொய் சொல்லப் போகிறார், நான் நன்றி சொல்கிறேன்! கட்டிப்பிடிக்கக் கிட்டப் போனேன். அவர் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஜூலை 2, புதன்

காலையில் இவருடைய போனில் இலக்கம் தேடி ஹொர்மிஸுக்குப் போன் எடுத்தேன்.

“எலிசா அக்கா வந்து கை தவறினதெண்டு சொல்லுவா. அது பொய். நான்தான் வெட்டினனான். அழுகை வேண்டாமெண்டு வெட்டினனான்.” பிரெஞ்சு வாய்க்குள் குளறியது.

கோழிகளின் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்.

“வெட்ட முதல் முழுக்கப் பாத்தனீரோ?”

“ஓம். முழுக்க.”

“அப்ப என்ரை சமிராமை உமக்குத் தெரியும்.”

ஏசியிருக்கலாம். அவர் ஏசவில்லை. சமிராமை முதன்முதலாகக் கண்ட நாளிலிருந்து தொடங்கினார். சாமத்திய வீட்டுக்காரர் அல்பம் பார்க்க வந்து மணி அடித்தார்கள். இவர் போய்க் கதவைத் திறந்தார். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.