கடைசிப் பத்து நிமிடம்

அக்கா, கிடைத்துவிட்டது, நம்முடைய அந்தக் கறுப்பு வெள்ளை கேங்ஸ்டர் படம் முழுசாக, கடைசிப் பத்து நிமிடத்தோடு இன்று காலை இணையத்தில் ஏறியிருக்கிறது!

பெயர் ஓடும்போதே அதே கரகரச் சத்தம். சினிமா பேசத் தொடங்கிய புதிதில் எடுத்த படமல்லவா! எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அமெரிக்காவில் நம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்ட்டில், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாய். கீமோ முடிந்து வந்த வாரம். "பாருடி, எல்லா ரவுடியும் அந்தப் பூச்சாடிகிட்ட வந்துதான் பேசறான். மைக்கை அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்றாய். அதற்கப்புறம் என் கண்ணுக்குத் துப்பாக்கியே தெரியவில்லை.

பாதியில் மருந்து உன்னைத் தூங்கவைத்தது. "மீதியை ரெக்கார்ட் பண்ணுடி. விளம்பரம் வந்தா பாஸ் பட்டனை அமுக்கு, முடிஞ்சதும் எடுத்துடு. மறந்துடாத." எனக்கு ஒன்பது வயது. படத்தின் நாயகனான அந்த ரவுடி ஒளிந்திருந்த வீட்டைப் போலீஸ் சுற்றிவளைத்ததும் விளம்பரம் வந்தது. அமுக்கினேன். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. விளையாட ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது டிவியில் வேறு ஏதோ நிகழ்ச்சி. பாஸிலேயே கிடந்த வி.சி.ஆர். தானாகவே நின்றிருந்தது; கடைசிப் பத்து நிமிடம் பதிவாகவில்லை.

எழுந்ததும் கேட்டாய்: "என்னடி ஆச்சு அவனுக்கு?"

"தப்பிச்சுட்டான்க்கா. கப்பல் ஏறிட்டான்."

"போலீஸ்?"

"டாட்டா காட்டிச்சு."

சிரித்துச் சிரித்து உனக்கு இருமலே வந்துவிட்டது. "அந்தக் காலத்துப் படத்துல ரவுடியைத் தப்பிக்கவே விடமாட்டாங்கடி, கழுதை!"

ஆனால் டேப்பைப் போடச் சொல்லவே இல்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும், "கப்பல் இப்ப எங்கடி போகுது?" என்பாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் கேட்டாய். லிஸ்பன், ஏடன், கொழும்பு என்று அளந்துவிடுவேன். தூத்துக்குடியில் அவனை இறக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்த நாளில், வாசலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் அம்மா காபி வாங்கக் கீழே போன ஐந்து நிமிடத்தில் நீ போயிருந்தாய். அறையில் வேறு யாரும் இல்லை.

இப்போது, போலீஸ் சுற்றிவளைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். மேலே ஓட்டவில்லை. அவன் சாவான், அதை நீயே சொல்லிவிட்டாய். இத்தனை வருடமாக என்னிடம் இருப்பது வேறு ஒரு கேள்வி.

இதைப் படிக்கிற நண்பர்களே, லிங்க் கீழே இருக்கிறது. பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: கடைசியில் அவன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?